மார்ச்சில் நேரம் மாறியபின் பிள்ளைகளின் உறக்கமும் பின்னேரமும்: உங்கள் வீடுகளில் என்ன ஒழுங்கு?

தாரகை, ஸ்காபரோ:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது. சீனியர் கிண்டர்கார்டனில் படிக்கிறாள். இளையவனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, டேகெயாருக்கு (பகல்நேரக் குழந்தைக் காப்பகத்துக்கு)ப் போகிறான். கணவர் ஒரு களஞ்சியசாலையில் அதிகாலை வேலைக்குப் போய்விடுவதால், இருவரையும் எழுப்பி, முகம் கழுவி, உடுத்தி, சாப்பிடவைத்து, ஏழரை மணிக்கு வாசலைத் தாண்டவைப்பது முழுவதும் என் பொறுப்பு. பின்னேரம் அவர் மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவார். நான் வேலை முடிந்து இளையவனையும் எடுத்துக்கொண்டு வீடு வந்துசேர ஐந்தே முக்கால் ஆகிவிடும்.

குளிர்காலத்தில் இந்த ஒழுங்கு தடங்கலின்றி ஓடியது. நான் வரும்போதே இருட்டிவிடும் என்பதால் பிள்ளைகள் வெளியே போகக் கேட்பதில்லை. சாப்பாடு, குளிப்பு, ஒரு கதைப்புத்தகம், ஏழரைக்கு விளக்கணைப்பு என்று நாள் தானாகவே முடிந்துவிடும். இங்கே கனடாவில் கோடை நேரத்துக்காக மார்ச் 8ஆம் திகதி ஞாயிறு அதிகாலை கடிகாரம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணியாக மாற்றப்பட்ட பின்னர் அந்த ஒழுங்கில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரவு ஏழரைக்கு யன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. "வெளிச்சம் இருக்கும்போது ஏன் படுக்க வேண்டும்?" என்று மூத்தவள் கேட்கிறாள்; அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதால் என்னாலும் உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. இருவரும் உறங்க ஒன்பது மணி ஆகிறது. காலை ஆறரைக்கு எழுப்பினாலோ வெளியே இருட்டு. சின்னவன் அழுதுகொண்டே ஜக்கெற்றுக்குள் கையை விட மறுக்கிறான்.

இதற்கு மேல் இன்னொன்று. பனி உருகியதால் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள விளையாட்டுத் திடல் மறுபடியும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. ஊஞ்சலைக் கண்டபின் பிள்ளைகளை நேரே வீட்டுக்குள் கூட்டிப்போவது இலகுவான காரியமல்ல. ஓடி விளையாடினால்தான் களைத்து உறங்குவார்கள் என்கிறார் கணவர். பின்னேரக் குளிர்காற்றில் நின்றால் சளி பிடிக்கும் என்கிறார் மாமி. விளையாடவிட்டால் சாப்பாடு பிந்துகிறது, சாப்பாடு பிந்தினால் குளிப்பும் உறக்கமும் பிந்துகின்றன. இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் இந்த மாதங்களை எப்படி நடத்துகிறீர்கள்? ஏழரை மணியைப் பிடித்துவைத்திருக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

நாவலடி, ஏஜாக்ஸ்:

மூன்று பிள்ளைகளின் தகப்பன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் ஒரே சிக்கல் என்று எண்ணுவது உண்மையில் இரண்டு. அவை வெவ்வேறு மாதங்களுக்கு உரியவை. மார்ச்சில் உங்களை வருத்துவது இருண்ட காலை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வருத்தப்போவது வெளிச்சமான இரவு. முதலாவதற்கான மருந்தை இரண்டாவதற்கும் கொடுத்தால் பலிக்காது.

ரொறன்ரோவில் நேரம் மாறுவதற்கு முதல்நாள் ஏறத்தாழ ஆறே முக்காலுக்கு விடிந்தது; மறுநாள் கடிகாரப்படி ஏழே முக்காலாகியது. ஆகவே ஆறரைக்கு எழுப்பும் உங்கள் பிள்ளைகளின் உடம்புக்கு அது இன்னும் ஐந்தரை மணிதான். உடம்பின் உள்நேரத்தை முன்னே தள்ளுவதற்கு மிகவும் உதவுவது காலை வெளிச்சம், பின்னே இழுப்பது மாலை வெளிச்சம். இப்போது உங்கள் வீட்டில் காலை வெளிச்சம் இல்லை, மாலை வெளிச்சம் நிறைய இருக்கிறது. இரண்டுமே உங்களுக்கு எதிராக வேலை செய்கின்றன. எனவே முதலில் மாலையைத் தொடாமல் காலையைச் சரிசெய்யுங்கள். எழுப்பிய உடனே வீட்டில் உள்ள விளக்குகளை எல்லாம் போடுங்கள், மின்கட்டணத்தைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு யோசிக்க வேண்டாம். டேகெயார் நடந்துபோகும் தூரமாக இருந்தால் காரை விட்டுவிட்டு நடவுங்கள். விடியும் வேளையின் வெளிச்சம், மேகமூட்டமாக இருந்தாலும், வீட்டு விளக்கைக் காட்டிலும் பல மடங்கு வலியது. சனி ஞாயிறும் அதே ஆறரை. நீங்கள் களைத்திருப்பீர்கள் என்பது தெரியும். ஆனாலும் சனிக்கிழமை எட்டரை வரை உறங்கவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கணக்கு. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் பத்து முதல் பதின்மூன்று மணித்தியால உறக்கம் வேண்டும், ஒன்று முதல் இரண்டு வயதினருக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்துப் பதினொன்று முதல் பதினான்கு என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டு மணிக்கு உறங்கினால் பத்தரை மணித்தியாலம் கிடைக்கிறது. ஆகவே ஏழரையைச் சட்டமாக வைத்திருக்கத் தேவையில்லை. எட்டு போதும், ஆனால் ஒன்பது போதாது. இப்போது ஒன்பதில் நிற்பவர்களை ஒரே நாளில் எட்டுக்கு இழுக்க முயன்றால் ஒரு மணிநேரப் போராட்டம்தான் மிஞ்சும். இரண்டு நாளுக்குக் கால் மணி என்று முன்னே கொண்டுவாருங்கள். படுக்கையை மட்டும் நகர்த்தாமல் சாப்பாட்டையும் குளிப்பையும் அதே கால் மணியால் நகர்த்துங்கள். அடுத்த ஆண்டு நேர மாற்றத்துக்கு முந்திய வாரத்திலேயே இதைத் தொடங்கினால் பாதி வேலை முன்கூட்டியே முடிந்துவிடும்.

மூத்தவளின் கேள்விக்கு: வெளிச்சத்தைப் பற்றிப் பிள்ளையோடு வாதம் செய்யாதீர்கள், ஏனென்றால் வெளிச்சம் அவள் பக்கம் சாட்சி சொல்லும். எங்கள் வீட்டில் நாங்கள் சூரியனை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பெரிய ஆளாக்கினோம். முள் வைத்த சுவர்க்கடிகாரம் ஒன்றை அவள் கண்மட்டத்தில் மாட்டி, சின்ன முள் எட்டுக்கு வந்தால் படுக்கை என்று அவளையே அறிவிக்கச் சொல்லுங்கள். ஐந்து வயதில் அதிகாரம் பிடிக்கும்.

யன்னலை மறைக்கும் தடித்த திரைச்சீலை மார்ச்சில் அவசியமில்லை. இப்போது ஏழேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. மே நடுப்பகுதியில் மறைவு எட்டரையைத் தாண்டும், விடிவு ஆறுக்கு முன் வரும். ஜூன் கடைசியில் ஒன்பது மணி. அப்போது திரைச்சீலை இரவுக்கு மட்டுமல்லாமல் காலைக்கும் வேண்டும், இல்லாவிட்டால் சின்னவர் ஐந்தே முக்காலுக்கு உங்கள் தலைமாட்டில் நிற்பார்.

கோவைக்காரி, மிசிசாகா:

நான் ஒரு டே கேரில் சின்னக் குழந்தைகளுக்கான வகுப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ஏஜாக்ஸ் நண்பர் காலையையும் இரவையும் நன்றாக விளக்கிவிட்டார். ஆனால் இரண்டு வயதுப் பையனைப் பொறுத்தவரை இரவைத் தீர்மானிப்பது பகல் உறக்கம். அதை நீங்கள் குறிப்பிடவேயில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவன் எத்தனை மணிக்கு உறங்குகிறான், எத்தனை மணிக்கு எழுகிறான் என்று அவனுடைய ஆசிரியையிடம் கேளுங்கள். மூன்று மணிக்கு மேல் உறங்குகிற குழந்தை எட்டு மணிக்கு மறுபடியும் உறங்குவான் என்று எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். "இரண்டரைக்கு மெதுவாக எழுப்பிவிடுங்கள்" என்று பெற்றோர் கேட்டால் பெரும்பாலான வகுப்புகளில் செய்து தருவார்கள். கேட்காவிட்டால், வகுப்பு அமைதியாக இருக்கிற அந்த நேரத்தை எந்த ஆசிரியையும் தானாகக் கலைக்கமாட்டார். இதை ஆசிரியையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

திடலில் விளையாடவிடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு உங்கள் மாமியாரின் கவலையையும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். சளி வைரஸால் வருவது. குளிர்காற்றில் விளையாடுவதால் வருவதில்லை. எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் விதிப்படி, ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ டே கேரில் இருக்கிற குழந்தையை வானிலை இடம் கொடுத்தால் தினமும் இரண்டு மணிநேரமாவது வெளியே விட வேண்டும். ஜனவரியிலும் நாங்கள் அப்படித்தான் விடுகிறோம். ஆகவே உங்கள் பையன் அன்றைக்கு வெளியே போகாத குழந்தை அல்ல. மாலையில் அவன் ஊஞ்சலைக் கேட்பது உங்களோடு இருக்க விரும்புவதால். அந்த வகையில் இருபது நிமிடம் போதும். திடலுக்குள் நுழையும் முன்பே எப்போது கிளம்புவோம் என்பதைச் சொல்லிவிடுங்கள்; கிளம்பும்போது சொன்னால் அது பேச்சுவார்த்தையாக மாறிவிடும்.

காலையில் ஜாக்கெட்டுக்கு அழுவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு, ஏனென்றால் எங்கள் வகுப்பில் ஆண்டிலேயே உடைக் குழப்பம் அதிகமாக இருப்பது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான். காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், மதியம் பத்து டிகிரி வரும், நடுவில் மழை பெய்யும், திடலெல்லாம் சேறாக இருக்கும். பெற்றோர்கள் காலை வானிலையைப் பார்த்து உடுத்தி அனுப்புகிறார்கள். குழந்தை வெளியே விளையாடுவது பத்தரைக்கும் மூன்றரைக்கும். தடித்த பனி ஜாக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டால் அதைக் கழற்றினால் குளிரும், போட்டால் வேர்க்கும். அதற்குப் பதிலாக ஒரு ஃப்ளீஸ் சட்டை, அதற்கு மேல் தண்ணீர் புகாத மெல்லிய மேலுடையும் தோளில் மாட்டும் பட்டை வைத்த மழைக் கால்சட்டையும், காலுக்கு ரப்பர் பூட்ஸ். ரப்பர் பூட்ஸுக்குள் சூடு நிற்காது, அதனால் கம்பளி சாக்ஸ். மெல்லிய அடுக்குகளில் கையை விட மறுக்கும் குழந்தைகள் குறைவு. தடித்த பனி உடைக்குள் கை நுழையாத எரிச்சல்தான் பாதி அழுகை. காரில் குழந்தை இருக்கையின் பட்டைக்கு அடியிலும் தடித்த ஜாக்கெட் இருக்கக் கூடாது, பட்டை உடம்போடு இறுகாது. எனவே இந்த மாற்றம் அங்கேயும் உதவும்.

முடிந்தால் மழை உடையும் பூட்ஸும் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று டே கேரிலேயே இருக்கட்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய உடைகளை விற்கும் கடைகளில் கிட்டத்தட்டப் புதியவையாகவே கிடைக்கும், குழந்தைகள் ஒரு பருவத்துக்கு மேல் அந்த அளவில் இருப்பதில்லை. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே நிறத்தில் ஏழு ஜோடி பூட்ஸ் வரிசையாக நிற்கும்போது எங்களால் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது!

தாரகை, ஸ்காபரோ:

இருவருக்கும் மிக்க நன்றி. டேகெயாரில் இன்று கேட்டேன்; சின்னவன் மூன்றேகால் வரை உறங்குகிறானாம். குளிர்காலத்திலும் அப்படித்தான் உறங்கினானாம், ஆனால் அப்போது ஏழரை இருட்டு அதை மறைத்துவிட்டது போலிருக்கிறது. நாளையிலிருந்து இரண்டரைக்கு எழுப்பிவிடச் சம்மதித்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள் எனக்குத் தெளிவாகவில்லை. முதலாவது, அடுத்த வாரம் மார்ச் பிறேக். மூத்தவளுக்கு 16 முதல் 20 வரை பள்ளிக்கூடம் இல்லை. சின்னவனுக்கு டேகெயார் உண்டு. ஒருத்தி பிந்தி எழும்ப, மற்றவனை ஆறரைக்கு எழுப்பினால் ஒழுங்கு என்னவாகும்? இரண்டாவது, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுடன் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கதைப்பது வழக்கம். நேரம் மாறியதிலிருந்து அது அவருக்கு ஒரு மணி முந்திவிட்டது. நாங்கள் ஏழு மணிக்கு எடுத்தால் அங்கே நாலரை. பழைய நினைவில் அவர் ஐந்தரைக்குக் காத்திருக்கிறார், அப்போது இங்கே எட்டு மணி, நான் இருவரையும் இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடி அரை மணி ஆகியிருக்கும். சாப்பாட்டைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்; ஐந்தே முக்காலுக்கு வந்து சமைத்து, ஆறரைக்குள் கொடுப்பது எல்லா நாளும் கைகூடுவதில்லை.

பெரியதம்பி, மார்க்கம்:

தங்கச்சி, நான் இந்த நாட்டுக்கு 1980களின் இறுதியில் வந்தவன்; இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு எடுப்பது என் வேலை. இங்கே இளையவர்கள் எழுதியதை மறுக்கவில்லை, ஆனால் நேரத்தையே திருத்திக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாட்டின் வரிசையை மாற்றினால் பாதி நெருக்கடி போய்விடும் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குத்தான் உண்மையான பசி. அந்த நேரத்தில் பிஸ்கட்டும் பழச்சாறும் கொடுத்துவிட்டு, ஆறரைக்குச் சோறு சாப்பிடவில்லை என்று ஏசுவதில் பொருளில்லை. மூத்தவளை உங்கள் கணவர் நேரத்தோடு கூட்டிவருகிறார் அல்லவா? அவர் வந்ததும் நேற்றைய சோறு கறியைச் சூடாக்கி அப்போதே முழுச் சாப்பாடாகக் கொடுக்கட்டும். ஆறுமணிக்கு நீங்கள் வந்தபின் இரண்டு பிள்ளைகளுக்கும் புட்டோ, இடியப்பமும் சொதியுமோ, முட்டையும் பாணுமோ இலேசாகக் கொடுத்தால் போதும். சின்னவனுக்கும் டேகெயாரில் மதியம் சூடான சாப்பாடும் பின்னேரம் சிற்றுண்டியும் கிடைத்திருக்கும். இரவுச் சாப்பாடு பெரிய காரியமாக இல்லாவிட்டால் திடலில் நிற்கும் இருபது நிமிடத்துக்காக எவரும் எவரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை ஒரு பெரிய சட்டியில் பருப்பும் ஒரு இறைச்சிக் கறியும் வைத்து ஆழ்குளிர்ப் பெட்டியில் போட்டுவிட்டால் வாரத்தில் பாதி நாள் சமையலறையில் நிற்கத் தேவையில்லை. புதிதாகச் சமைத்ததையே சாப்பிட வேண்டும் என்ற கொள்கை ஊரில் பெரிய குடும்பம் இருந்தபோது சரி. இங்கே இரண்டு வேலைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் அந்தக் கொள்கையை எவர் சொன்னாலும் அவரையே சமைக்கச் சொல்லுங்கள்.

மார்ச் பிறேக்கில் மூத்தவள் ஒரு மணி பிந்தி எழும்பட்டும், அதில் வானம் இடியாது. மூத்தவளைச் சின்னவனோடு சேர்த்து எழுப்பினால் அவளுக்கு அது விடுமுறை இல்லை. வியாழக்கிழமையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏஜாக்ஸ் தம்பி இதை ஒப்புக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.

அம்மாவுடன் கதைப்பதற்கு: குளிர்காலத்தில் எங்களுக்கும் இலங்கைக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம், இப்போது நவம்பர் வரை ஒன்பதரை. வேலைநாள் காலையை விட்டுவிடுங்கள். சனி ஞாயிறு காலை ஒன்பதுக்கு எடுத்தால் அங்கே மாலை ஆறரை, விளக்கேற்றி ஆறுதலாக இருக்கும் நேரம். வேலைநாளில் பேச வேண்டும் என்றால் இரவு எட்டுக்குப் படுக்கும் முன் எடுங்கள். அங்கே மறுநாள் விடிய ஐந்தரை, எங்கள் வயதுக்காரர் அந்த நேரம் எழும்பித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்போம். சித்திரை வருடப்பிறப்பு இம்முறை ஏப்ரல் 14 செவ்வாய், இங்கே பள்ளிக்கூட நாள். திங்கள் இரவு ஏழரைக்கு எடுத்தீர்கள் என்றால் அங்கே செவ்வாய் காலை ஐந்து மணி. பிள்ளைகள் உறங்குவதற்கு முன்பே அம்மம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிடலாம்.

நேர மாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். 2006 வரைக்கும் இது ஏப்ரல் முதல் ஞாயிறுதான். அப்போது மாற்றத்துக்குப் பின்னும் ஏழு மணிக்கு முன்பே விடிந்துவிடும். பிள்ளைகளை இருட்டில் எழுப்பும் தொல்லை இருக்கவில்லை. அமெரிக்கா 2007இல் மார்ச்சுக்கு முன்தள்ளியது, நாங்களும் பின்னால் போனோம். இந்த மாற்றத்தையே கைவிட்டு ஆண்டு முழுவதும் கோடை நேரத்தில் இருப்பதற்கு ஒன்ராறியோ 2020இல் சட்டம் நிறைவேற்றியது. கியூபெக்கும் நியூயோர்க் மாநிலமும் சேர்ந்தால்தான் நடைமுறை என்று காத்திருக்கிறது. நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடந்தால் ஜனவரியில் ஒன்பது மணிக்குச் சற்று முன்தான் விடியும், அதாவது பள்ளிக்கூட மணி அடிக்கும்போது வெளியே இருட்டாக இருக்கும். எனக்கு அந்தச் சட்டம் காத்திருக்கிற இடத்திலேயே இருப்பது நல்லதாகப் படுகிறது.

பிள்ளைகளை வெளியே விடுங்கள், வீட்டிலும் யன்னல்களை நன்றாகத் திறந்துவையுங்கள். ஐந்து மாதம் அடைத்துவைத்த காற்று வெளியேறட்டும்.

வெண்பா, பிரம்டன்:

நான் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராகப் பணியாற்றுகிறேன். பெரியவர் சொன்ன சாப்பாட்டு வரிசையை நானும் எங்கள் வீட்டில் பின்பற்றத் தொடங்கப்போகிறேன். யன்னலைப் பற்றி மட்டும் அவரோடு உடன்பட முடியவில்லை. சகோதரி மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். ரொறன்ரோவின் வாடகைக் கட்டடங்களில், மேல்மாடி யன்னல்கள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்புப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது மாநகர விதி. குளிர்காலம் முழுவதும் எவரும் யன்னலைத் தொடாததால், அந்தத் தடுப்பு உடைந்திருப்பது முதல் இளஞ்சூட்டு நாளில்தான் தெரியவரும். இரண்டு வயதுப் பிள்ளை கதிரையை இழுத்துப்போட்டு ஏறக் கற்றுக்கொள்வதும் அதே மாதங்களில்தான். திறப்பதற்கு முன் ஒவ்வொரு யன்னலையும் சரிபாருங்கள், பழுதாக இருந்தால் கட்டட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், கட்டிலையும் சோபாவையும் யன்னலடியிலிருந்து நகர்த்துங்கள். பூச்சி வலை காற்றுக்காக உள்ளது, பிள்ளையின் பாரத்தைத் தாங்காது.

உறக்கத்தோடு தொடர்புடையதாக, எங்கள் மருந்தகத்தில் இந்த வாரங்களில் பெற்றோர் அதிகம் கேட்கும் இரண்டு பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று மெலடோனின் மிட்டாய். கடைத் தட்டில் வைத்தமின்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதையும் வைத்தமின் போலவே எடுத்துச்செல்கிறார்கள். அது உடம்பின் நேரத்தை மாற்றும் ஓமோன். நேர மாற்றத்தால் வந்த ஒரு வாரக் குழப்பத்துக்காக நலமான சிறுபிள்ளைக்குக் கொடுக்கத் தேவையில்லை. நீண்டகால உறக்கச் சிக்கல் இருந்தால் குடும்ப மருத்துவரிடம் கேட்டபின் கொடுப்பதே சரி. மற்றது, அயர்வு தரும் பழைய வகை ஒவ்வாமை மருந்து. "சளியும் நிற்கும், உறக்கமும் வரும்" என்று எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன். சில பிள்ளைகளுக்கு அது உறக்கத்துக்குப் பதிலாகத் துடிதுடிப்பைக் கொடுக்கும். உறங்கவைப்பதற்காக அதைக் கொடுப்பது எந்த வயதிலும் தவறு.

ஏப்ரலில் மகரந்தம் பறக்கத் தொடங்கும். முதலில் மேப்பிள், எல்ம், பொப்லர் போன்ற மரங்கள், பின்னர் பேர்ச், ஓக். மே கடைசியிலிருந்து புல். மூத்தவள் கண்ணைக் கசக்கி, தெளிந்த நீராக மூக்கு ஒழுகி, காய்ச்சல் இல்லாமல் வாரக்கணக்கில் தும்மினால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது இரவு மூக்கடைப்பினால் உறக்கம் உடையும், அதை நேர மாற்றத்தின் தலையில் போடுவோம். இரண்டு வயதில் மகரந்த ஒவ்வாமை அரிது. அது உருவாகச் சில பருவங்கள் எடுக்கும். சின்னவரின் மூக்கு ஒழுகுவது பெரும்பாலும் டேகெயார் கொடுத்த சளியாகவே இருக்கும். ஒவ்வாமை உள்ள வீட்டில், திடலிலிருந்து வந்ததும் உடுப்பை மாற்றி, தலையையும் சேர்த்துக் குளிப்பாட்டியபின் படுக்கவிடுவது மருந்துக்கு முன் செய்ய வேண்டியது. அப்படியான நாட்களில் அதிகாலையில் யன்னலை மூடிவைப்பது நல்லது.

குளிப்பைத் திடலுக்குப் பின் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஸ்காபரோவில் இருப்பதால் வார இறுதியில் ரூஜ் பூங்காப் பக்கம் நடக்கப் போவீர்கள் என்று எண்ணுகிறேன். வெப்பநிலை நான்கு டிகிரியைத் தாண்டியவுடன் கருங்கால் உண்ணிகள் நடமாடத் தொடங்கும். லைம் என்ற பற்றீரியா நோயைப் பரப்புவது அவைதான், அந்தப் பூங்காவும் அவை உள்ள பகுதி. குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், தலைமயிரின் ஓரம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் அன்றிரவே கண்டுபிடித்துவிட்டால் அநேகமாகப் பயமில்லை. நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். எண்ணெய் பூசுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். எடுத்தபின் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைய திகதியைக் குறித்துவைத்து, உங்களுக்கு அருகில் உள்ள மருந்தகத்தில் கேளுங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று அங்கேயே சொல்வார்கள், சிறுபிள்ளையாக இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.